முந்தியது எது? – கணிப்பொறி வலையில் காலமும் ஒழுங்கும்

தோற்றுவாய்

காலத்தை வெளிப்படையாகக் காட்டும் வினையைத் தெரிநிலை வினை என்றும், குறிப்பாகக் காட்டும் வினையைக் குறிப்பு வினை என்றும் வகுத்துக்கொண்ட மொழி நம் தமிழ்மொழி. எனவே காலத்தைப் பற்றி எண்ணிப்பார்ப்பது தமிழ் பயில்வோர்க்குப் புதிதன்று. ஆயினும் கணிப்பொறியின் காலத்தைப் பற்றித் தமிழ்த்துறை மலரில் எழுத வேண்டிய தேவை என்ன என்று படிப்போர் வினவக்கூடும். அவ்வினாவிற்கு விடையாக ஒரு நிகழ்ச்சியைக் கூறித் தொடங்குகிறோம்.

எம் துறை மாணவி ஒருவர் கல்வி உதவித்தொகை ஒன்றிற்கு இணையத்தின் வழியே விண்ணப்பித்தார். இறுதி நாள் இரவு 12 மணிக்குள் விண்ணப்பம் சென்று சேர்தல் வேண்டும் என்பது விதி. தம் வீட்டுக் கணிப்பொறி 11.54 எனக் காட்டியபோதே அனுப்பிவிட்டதாக அவர் கூறினார். விண்ணப்பம் 12.01க்கு வந்தமையால் ஏற்பதற்கில்லை என்று மறுமொழி வந்தது. அவர் எம்மிடம் வந்து முறையிட்டபோது, உள்ளதை உள்ளவாறு சொல்வதாயின், யாம் அவர் சொல்லை நம்பவில்லை. கடைசி நேரம்வரை காத்திருந்துவிட்டு இப்போது காரணம் தேடுகிறார் என்றே எண்ணினோம். அவ்வெண்ணத்தை அவர் முகத்திற்கு நேராகச் சொல்லவும் செய்தோம்.

சில நாள் கழித்துக் கணிப்பொறித் துறை நண்பர் ஒருவர் அம்மாணவியின் கணிப்பொறியைத் திறந்து பார்த்தார். உள்ளிருக்கும் கடிகாரத்திற்கு ஆற்றல் தரும் சிறு மின்கலம் வலுவிழந்திருந்தது. வலையிலிருந்து சரியான நேரத்தைப் பெற்றுக்கொள்ளும் ஏற்பாடும் நிறுத்தப்பட்டிருந்தது. அக்கடிகாரம் ஏழு நிமிடம் பின்தங்கி ஓடிக்கொண்டிருந்தது. ஆக, மாணவியும் பொய் சொல்லவில்லை. மறுமொழி விடுத்த அலுவலகமும் பொய் சொல்லவில்லை. இரண்டு கடிகாரங்கள் இரண்டு உண்மைகளைக் கூறின. தவறு செய்தோர் விசாரியாமல் ஐயுற்ற யாமே.

அந்நண்பர் எமக்கு விளக்கிக் கூறியவற்றையும், அதன்பின் யாம் தேடிக் கற்றவற்றையும் தொகுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஓர் இடம், ஒரு கடிகாரம்

பண்டைக் காலத்தில் இச்சிக்கல் இருந்ததில்லை. முல்லைப்பாட்டில் வரும் மன்னனின் பாசறையில், நீர்க்கலத்தின் துணைகொண்டு பொழுதை அளந்து அரசனுக்கு அறிவிப்போர் இருந்தனர். பாசறை ஒன்று, அளக்கும் கலமும் ஒன்று. அறிவிப்பவர் குரல் கேட்கும் எல்லைக்குள் அனைவர்க்கும் பொழுது ஒன்றே. அக்கலம் சற்றுப் பிழையாக அளந்தாலும் கேடில்லை. ஏனெனில் அனைவரும் ஒரே பிழையைப் பின்பற்றுவர்.

ஊர்கள் பலவாகி, அவற்றிற்கிடையே விரைவான போக்குவரத்து ஏற்பட்டபோதுதான் சிக்கல் தோன்றியது. ஒவ்வோர் ஊரும் தன் தலைக்கு மேலே கதிரவன் நிற்கும் வேளையை நண்பகலாகக் கொண்டிருந்த வரையில், சென்னையின் மணியும் பம்பாயின் மணியும் ஏறத்தாழ அரைமணி நேரம் வேறுபட்டிருந்தன. மாட்டுவண்டிப் பயணத்தில் இவ்வேறுபாடு உறுத்தவில்லை. தொடர்வண்டி வந்தபின் உறுத்தியது. ஒரே பாதையில் எதிரெதிராக வரும் இரு வண்டிகளின் கால அட்டவணைகள் இருவேறு கடிகாரங்களை நம்பி எழுதப்படுமாயின் விளைவு என்னவாகும் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. ஆகவே, சென்னை வானாய்வகம் கணித்த நேரமே இந்திய இருப்புப்பாதைகளின் பொது நேரமாக நெடுங்காலம் விளங்கியது. கிரீன்விச் நேரத்திற்கு ஏறத்தாழ 5 மணி 21 நிமிடம் முற்பட்டது அது. பின்னர் 1906 சனவரி முதல் நாளில், 5 மணி 30 நிமிடம் முற்பட்ட இந்தியப் பொது நேரம் நடைமுறைக்கு வந்தது. இன்று அந்நேரத்தை அணுக்கடிகாரங்களின் துணையோடு பேணி வருவது புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகமாகும்.

இருப்புப்பாதைக்கு அன்று நேர்ந்த அதே இடர்ப்பாடுதான் இன்று கணிப்பொறி வலைக்கு நேர்ந்துள்ளது. வேறுபாடு ஒன்றே: தொடர்வண்டிக்கு நிமிடக் கணக்குப் போதுமாயிருந்தது, கணிப்பொறிக்கோ நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கும் நெடும்பொழுது.

பகிர்ந்து பணிசெய்யும் பொறிகள்

வங்கிக் கணக்கு, பயணச்சீட்டு முன்பதிவு, தேர்வு முடிவு முதலிய எதனை எடுத்துக்கொண்டாலும், அதனை இன்று ஒற்றைக் கணிப்பொறி தாங்கி நிற்பதில்லை. பல ஊர்களில் உள்ள பல பொறிகள் ஒரே பணியைப் பகிர்ந்து செய்கின்றன. ஒன்று பழுதுபட்டாலும் மற்றொன்று தொடர்தல் வேண்டும் என்பதற்காக, ஒரே கணக்கின் படிகள் பல இடங்களில் வைக்கப்படுகின்றன. இத்தகைய அமைப்பினைப் பகிர்ந்தியங்கும் கணிப்பொறி வலை எனலாம்.

இப்பொறிகள் ஒவ்வொன்றினுள்ளும் குவார்ட்ஸ் படிகத்தின் அதிர்வை எண்ணும் கடிகாரம் ஒன்று உண்டு. படிகம் வெட்டப்பட்ட அளவு, சுற்றுப்புற வெப்பம், பொறியின் வயது ஆகியவற்றிற்கேற்ப அதிர்வு சிறிது மாறுபடும். பத்து லட்சத்தில் இருபது பங்கு மாறுபாடு என்பது வழக்கமான ஒன்று. கேட்பதற்கு மிகச் சிறிதாகத் தோன்றும் இம்மாறுபாடு ஒரு நாளில் ஏறத்தாழ 1.7 நொடியாகத் திரளும். ஒரு கடிகாரம் விரைந்தும் மற்றொன்று தாழ்ந்தும் ஓடினால் அவற்றின் இடைவெளி நாளொன்றுக்கு மூன்றரை நொடியை எட்டும். எனவே ஒருமுறை சரிசெய்து விட்டுவிடுதல் போதாது. இடையறாது சரிசெய்துகொண்டே இருத்தல் வேண்டும்.

நேரம் கேட்கும் முறை

சரியான நேரத்தைக் காட்டும் கணிப்பொறி ஒன்றைக் கேட்டறிந்து, அதற்கேற்ப நம் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாமே என்று தோன்றும். ஆனால் விடை வந்து சேர்வதற்குள் நேரம் கடந்துவிடுகிறது! ஒளியிழைக் கம்பியில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள பொறியின் விடை, எவ்வகைத் தடையும் இல்லாதபோதும், நொடியில் நூறில் ஒரு பங்கு பழையதாகவே வந்து சேரும். நொடிக்கு நூறு கோடிச் செயல்களைச் செய்யும் பொறி, அவ்விடைவெளியில் ஒரு கோடிச் செயல்களை முடித்துவிட்டிருக்கும்.

இத்தாமதத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும் முறையொன்றை அமெரிக்க அறிஞர் டேவிட் மில்ஸ் உருவாக்கி 1985இல் வெளியிட்டார். வலைவழி நேர நெறிமுறை என அதனைக் குறிப்பிடலாம். அதன் அடிப்படையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம்.

நம் பொறி தன் கடிகாரப்படி 10 மணி 0 நொடிக்கு வினாவை அனுப்புகிறது. நேரம் வழங்கும் பொறியோ தன் கடிகாரப்படி 10 மணி 7 நொடிக்கு அதனைப் பெற்று, உடனே விடை விடுக்கிறது. விடை நம்மை அடையும்போது நம் கடிகாரம் 10 மணி 2 நொடி எனக் காட்டுகிறது. போக்கும் வரவும் சேர்ந்து 2 நொடி ஆயின. போவதற்கு ஒரு நொடி, வருவதற்கு ஒரு நொடி எனக் கொண்டால், விடை நம்மை அடைந்த கணத்தில் சரியான நேரம் 10 மணி 8 நொடி. ஆகவே நம் கடிகாரம் 6 நொடி பின்தங்கியுள்ளது என்பது தெளிவு.

இங்கே ஒரு நுட்பத்தைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். போக்கும் வரவும் சமம் என்பது ஊகமே. ஒருவழியில் நெரிசல் மிகுந்திருக்கலாம். எனவே இவ்விடையில் ஒரு நொடி வரை பிழை இருக்க இடமுண்டு. பலமுறை கேட்டும், பல பொறிகளைக் கேட்டும் இப்பிழையைக் குறைக்கலாமேயன்றி அறவே நீக்க இயலாது.

மற்றொரு நுட்பமும் உண்டு. கடிகாரம் முந்தியிருப்பின் அதனைப் பின்னோக்கித் திருப்புதல் ஆகாது. திருப்பினால், பின்னர் எழுதிய பதிவு முன்னர் எழுதியதைவிட முற்பட்ட நேரத்தைத் தாங்கி நிற்கும். ஆதலால் சிறிய பிழையாயின், அக்கடிகாரத்தைச் சற்று மெதுவாக ஓடச்செய்து, மற்றவை வந்து சேரும்வரை காத்திருப்பர்.

உலகக் கணிப்பொறிகளுக்கெல்லாம் நேரம் பார்க்கக் கற்றுக்கொடுத்த டேவிட் மில்ஸ் பிறவியிலேயே கண்நோய் உற்றவர். முதுமையில் பார்வையை முற்றும் இழந்தவர். 2024இல் அவர் மறைந்தார்.

மூன்றிலொரு நொடியின் விலை

நொடிக் கணக்கில் இத்துணை நுணுக்கம் வேண்டுமோ என்று ஐயுறுவோர் 1991ஆம் ஆண்டு வளைகுடாப் போரில் நிகழ்ந்த துயரத்தை நினைத்தல் வேண்டும். அவ்வாண்டு பிப்ரவரி 25ஆம் நாள் சவூதி அரேபியாவின் தஹ்ரான் நகரில் அமெரிக்கப் படைவீடு ஒன்றின்மீது ஸ்கட் ஏவுகணை வீழ்ந்தது. இருபத்தெண்மர் மாண்டனர். அதனை இடைமறித்திருக்க வேண்டிய பேட்ரியாட் அமைப்பு அதனைத் தவறவிட்டது.

பத்தில் ஒரு நொடி என்னும் அளவை இரும எண்களில் முடிவின்றியே எழுத முடியும். அமைப்பின் கணிப்பொறியில் அது 24 இலக்கங்களோடு வெட்டப்பட்டிருந்தது. அதனால் எழுந்த நுண்பிழை, அவ்வமைப்பு ஏறத்தாழ நூறு மணி நேரம் நிறுத்தாமல் ஓடியபின், 0.34 நொடியாகத் திரண்டிருந்தது. நொடிக்கு ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேலாகப் பாயும் ஏவுகணை அதற்குள் அரைக் கிலோமீட்டரைக் கடந்துவிடும். அமைப்பு வானில் தவறான இடத்தில் அதனைத் தேடிக்கொண்டிருந்தது. இதில் மேலும் வருந்தத்தக்கது ஒன்றுண்டு. திருத்தப்பட்ட கணக்குமுறை நிரலின் சில பகுதிகளில் மட்டும் சேர்க்கப்பட்டிருந்தது. எல்லாப் பகுதிகளும் ஒரே பிழையைச் செய்திருந்தால் கழித்தலின்போது அப்பிழை பெரிதும் நீங்கியிருக்கும். சில சரியாகவும் சில தவறாகவும் அளந்தமையே கேடாய் முடிந்தது. கடிகாரம் பிழைபடுவதைக் காட்டிலும் கடிகாரங்கள் தம்முள் முரண்படுவது கொடிது என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாகும்.

வினையெச்சம் உணர்த்தும் உண்மை

இதுகாறும் கடிகாரங்களை இசைவிக்கும் வழிகளைக் கண்டோம். எவ்வளவு முயன்றாலும் சிறு பிழை எஞ்சும் என்பதையும் கண்டோம். அவ்வாறாயின், எஞ்சும் பிழையைவிடக் குறைந்த இடைவெளியில் நிகழும் இரு நிகழ்ச்சிகளுள் முந்தியது எது என எங்ஙனம் கூறுவது?

இவ்வினாவிற்கு 1978இல் லெஸ்லி லாம்போர்ட் என்னும் அமெரிக்க அறிஞர் வியப்பூட்டும் விடையொன்றைத் தந்தார். மணி என்ன என்று கேட்பதை விடுத்து, எதற்குப்பின் எது என்று மட்டும் கேட்போம் என்பதே அவர் காட்டிய வழி.

தமிழ் மாணவர்க்கு இது எளிதில் விளங்கும். "அவர் கடிதத்தை எழுதி, உறையிலிட்டு, அஞ்சலில் சேர்த்தார்" என்னும் தொடரில் கடிகாரம் ஏதுமில்லை. எனினும் எழுதியது முன், உறையிலிட்டது பின், அஞ்சலில் சேர்த்தது அதற்கும் பின் என்பதைச் செய்து என்னும் வாய்பாட்டு வினையெச்சங்களே உணர்த்திவிடுகின்றன. "தங்கை கடிதம் எழுதினாள், அண்ணன் வயலை உழுதான்" என்று இரு முற்றுகளாகச் சொன்னால் அவற்றுள் முற்பட்டது எது என்பது தொடரிலிருந்து பெறப்படாது. ஒன்று மற்றொன்றைச் சார்ந்து நில்லாதபோது அதனை அறிய வேண்டிய தேவையும் பெரும்பாலும் இல்லை.

லாம்போர்ட் வகுத்த விதிகள் மூன்று. ஒரே பொறியினுள் நிகழ்வனவற்றுள் முதலில் நிகழ்ந்தது முந்தியது. ஒரு செய்தியை அனுப்புதல் அதனைப் பெறுதலுக்கு முந்தியது. ஒன்று இரண்டாவதற்கு முந்தி, இரண்டாவது மூன்றாவதற்கு முந்துமாயின், முதலாவது மூன்றாவதற்கும் முந்தியது. இவற்றைக் கொண்டு முன்பின் காட்ட இயலாத நிகழ்ச்சிகள் உடனிகழ்ச்சிகள் எனப்படும்.

இம்முறையில் ஒவ்வொரு பொறியும் நேரத்திற்கு மாறாக எண்ணிக்கை ஒன்றை வைத்துக்கொள்ளும். ஒரு செயல் நிகழுந்தோறும் எண் ஒன்று கூடும். அனுப்பும் செய்தியில் அவ்வெண்ணும் எழுதப்படும். பெறும் பொறி, தன் எண், வந்த எண் ஆகிய இரண்டனுள் பெரியதை எடுத்து அதனோடு ஒன்று கூட்டிக்கொள்ளும். அ, ஆ, இ என மூன்று பொறிகள் இருப்பதாகக் கொள்வோம். அ தன் ஐந்தாம் செயலாக ஒரு செய்தியை அனுப்புகிறது. அப்போது ஆவின் எண் 2. செய்தியைப் பெற்றதும் அது 6 ஆகிறது. பின் ஆ, 7 என்னும் எண்ணோடு இக்குச் செய்தி விடுக்கிறது. இயின் எண் 3ஆக இருந்தாலும் இப்போது 8 ஆகிறது. 5, 6, 7, 8 என்னும் வரிசை, காரணம் முன்னும் காரியம் பின்னுமாக நிற்பதைக் காண்க. இதனைத் தருக்கக் கடிகாரம் என்பர்.

இதில் ஓர் எச்சரிக்கை வேண்டும். முந்திய நிகழ்ச்சிக்குச் சிறிய எண் அமையும் என்பது உறுதி. ஆனால் சிறிய எண் கொண்டதெல்லாம் முந்தி நிகழ்ந்தது என்று கொள்ளலாகாது. உடனிகழ்ச்சிகளுக்கிடையே வரிசை தேவைப்பட்டால், சம எண்கள் வருமிடத்து அகரவரிசையில் முதலில் வரும் பொறிக்கு முன்னுரிமை எனச் செயற்கையாக ஒரு விதியை வகுத்துக்கொள்வர். தொடர்வண்டியின் கடைசி இருக்கைக்கு இரு ஊர்களிலிருந்து ஒரே வேளையில் விண்ணப்பம் வருமாயின், எல்லாப் பொறிகளும் இவ்வொரே விதியால் ஒரே முடிவுக்கு வருதல் இயலும். அம்முடிவு உண்மையில் யார் முந்தினார் என்பதைக் காட்டாதிருக்கலாம். ஆயினும் இருக்கை இருவர்க்குப் போகாது. ஓரிடத்தில் ஒருவர்க்கும் மற்றோரிடத்தில் வேறொருவர்க்கும் எனக் கணக்கு முரண்படாது.

ஒருவர் கையில் ஒரு திறவுகோல்

வரிசை அறிந்தால் மட்டும் போதாது. ஒரு பொருளை ஒரே நேரத்தில் இருவர் மாற்றாதவாறு காத்தலும் வேண்டும். இச்சிக்கலை 1965இல் தெளிவுறுத்தியவர் நெதர்லாந்து நாட்டு அறிஞர் டைக்ஸ்ட்ரா. இதற்குரிய தீர்வுகளுள் ஒன்றை நம் பெரியோர்கள் நேரிலேயே கண்டிருப்பர். ஒற்றைவழி இருப்புப்பாதையில், நிலைய அலுவலர் வளையம் கோத்த பையில் இட்டுத் தரும் இரும்புப் பந்து ஒன்றைப் பெறாமல் ஓட்டுநர் வண்டியை எடுக்கமாட்டார். அதற்கு டோக்கன் என்று பெயர். இரு நிலையங்களின் கருவிகளும் மின்கம்பியால் பிணைக்கப்பட்டிருந்தமையால், ஒரு பந்து வெளியே இருக்கும்வரை மற்றொன்றை எடுக்க இயலாது. கணிப்பொறி வலையிலும் இவ்வாறே டோக்கன் பெற்ற பொறி மட்டுமே பதிவேட்டைத் திருத்தும் முறை உண்டு.

இதிலும் இடர் உண்டு. ஓர் அலுவலகத்தில் ஒருவர் பேரேட்டையும் மற்றொருவர் முத்திரையையும் கையில் வைத்துக்கொண்டு, ஒருவர் மற்றவரிடம் உள்ளதற்காகக் காத்திருந்தால் வேலை என்றும் முடியாது. கணிப்பொறிகளும் இவ்வாறு முட்டுப்பட்டு நிற்பதுண்டு. இன்னும் கடுமையானது, டோக்கன் பெற்ற பொறி விடை தராதிருத்தல். அது பழுதுபட்டுவிட்டதா, அல்லது அதன் செய்திதான் தாமதமாகிறதா? தொலைவிலிருப்பவர்க்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். செய்தியின் தாமதத்திற்கு எல்லை வகுக்கப்படாத வலையில், ஒரே ஒரு பொறி பழுதுபடக்கூடும் என்றாலும், எல்லாச் சூழலிலும் உறுதியாக உடன்பாடு எட்டும் வழி இல்லை என்பதைப் பிஷர், லிஞ்ச், பேட்டர்சன் ஆகிய மூவரும் 1985இல் மெய்ப்பித்தனர்.

எனினும் நடைமுறையில் பெரும்பான்மை என்னும் கோட்பாடு கைகொடுக்கிறது. ஐந்து பொறிகளுள் மூன்று உடன்பட்டால் முடிவு செல்லும். ஐந்தில் எந்த மூன்றையும் வேறெந்த மூன்றையும் எடுத்துக்கொண்டாலும் அவற்றிற்குப் பொதுவாக ஒன்றேனும் இருந்தே தீரும். அப்பொதுவான பொறி முந்தைய முடிவை அறிந்திருத்தலால், முரண்பட்ட இரு முடிவுகள் நிலைபெறா. லாம்போர்ட் 1998இல் வெளியிட்ட பாக்சோஸ் என்னும் முறை இவ்வடிப்படையில் அமைந்தது. 2013ஆம் ஆண்டிற்குரிய டூரிங் விருது அவருக்கு வழங்கப்பட்டது.

அறியாமையை அறிவித்தல்

இத்துறையின் வளர்ச்சியுள் எம்மைப் பெரிதும் கவர்ந்தது ஒன்று. கூகுள் நிறுவனம் 2012இல் வெளிப்படுத்திய ஸ்பேனர் என்னும் தரவுத்தளம் செயற்கைக்கோள் நேரத்தையும் அணுக்கடிகாரங்களையும் பயன்படுத்துகிறது. அத்துணை நுட்பமான கருவிகளைக் கொண்டிருந்தும், அது மணி இது என ஒரு புள்ளியைச் சொல்வதில்லை. இந்நேரத்திற்கு முன்னும் இல்லை, இந்நேரத்திற்குப் பின்னும் இல்லை என இரு எல்லைகளைச் சொல்கிறது. தன் ஐயத்தின் அளவைத் தானே அறிவித்து, அவ்வையம் நீங்கும் அளவு, அதாவது சில மில்லி நொடிகள், காத்திருந்த பின்னரே செய்த மாற்றத்தை உறுதிப்படுத்துகிறது. தான் அறியாத அளவை அறிந்து அதற்கேற்பப் பொறுத்திருக்கும் இப்பண்பு பொறிக்கே அமையுமாயின், மனிதர்க்கு அமையலாகாதா?

நிறைவாக

எம் மாணவிக்கு அவ்வுதவித்தொகை கிடைக்கவில்லை. விதி விதிதான். எல்லோர்க்கும் பொதுவான ஒரு கடிகாரத்தை வைத்து எல்லை வகுத்த பின் ஒருவர்க்காக அதனைத் தளர்த்துதல் மற்றவர்க்கு இழைக்கும் தீங்காகும். ஆனால் எக்கடிகாரம் பொதுக் கடிகாரம் என்பதை விண்ணப்பிப்போர் கண்முன் காட்டியிருத்தல் வேண்டும் அல்லவா? இனி எம் துறை இணையத்தின் வழியே பெறும் விண்ணப்பங்களுக்கு மூன்று நெறிகளை வகுத்துள்ளோம். பெறும் பொறியின் மணி விண்ணப்பப் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருத்தல் வேண்டும். அனுப்பிய நேரமன்று, பெற்ற நேரமே கணக்கு என்பதை முன்கூட்டியே அறிவித்தல் வேண்டும். பெற்றவுடன் வரிசை எண்ணோடு ஒப்புகை தருதல் வேண்டும். இவை பெருஞ்செலவு பிடிப்பன அல்ல.

தொலைவில் உள்ளோர் அனைவர்க்கும் பொதுவான இக்கணம் என ஒன்றை எக்கருவியும் முழுமையாகத் தரவல்லதன்று. ஒருவர்க்கொருவர் செய்தி விடுத்தும், விடை கேட்டும், முன்னரே விதி வகுத்தும் உண்டாக்கிக்கொள்ளும் உடன்பாடே பொதுக் காலம். ஆகவே, இருவர் கூற்று மாறுபடும்போது ஒருவர் பொய்யர் என முடிவுகட்டுமுன், அவர்தம் கடிகாரங்களை ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்போமாக. அம்மாணவியிடம் யாம் வருத்தம் தெரிவித்தோம். அவரும் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டார். அடுத்த ஆண்டு விண்ணப்பத்தை இறுதி நாளுக்கு ஒரு வாரம் முன்னதாகவே அனுப்பினார் என்பதையும் மகிழ்வோடு பதிவு செய்கிறோம்.